மண்குடமும் பொன்குடமும்

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் பழமொழி. அணு ஆயுதத்தைப் பொறுத்தவரை வல்லரசுகள் வகுத்த நீதியும் இத்தகையதே என்பதை வரலாற்றை நோக்குவோர் எளிதில் உணர்வர்.

1945 ஆகஸ்டுத் திங்களில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அமெரிக்க அணுகுண்டுகளால் அழிந்தன. பின்னர் 1949-இல் சோவியத் ருஷ்யாவும், 1952-இல் பிரிட்டனும், 1960-இல் பிரான்சும், 1964-இல் சீனாவும் தத்தம் குண்டுகளை வெடித்தன. 1954 மார்ச்சு முதல் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தபோது, தொலைவில் மீன் பிடித்திருந்த ஜப்பானியப் படகினர் 23 பேர்மீது நச்சுச் சாம்பல் பொழிந்தது. அவருள் ஒருவர் அவ்வாண்டே மாண்டார். அடுத்த திங்களே, சோதனைகளை நிறுத்திவைக்குமாறு பண்டித நேரு லோக்சபையில் வேண்டினார். 1962-இல் நம் ராஜாஜி, 83 வயது முதுமையையும் பொருட்படுத்தாது வாஷிங்டன் சென்று, சோதனைகளைக் கைவிடுமாறு அதிபர் கென்னடியிடம் நேரில் வற்புறுத்தினார்.

1968-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் எழுந்தது. 1967 ஜனவரி முதல் நாளுக்கு முன் குண்டு வெடித்த நாடுகளே அணு ஆயுத நாடுகள்; ஏனையோர் அதனைத் தீண்டலாகாது என்பது அதன் விதி. இரயில் வண்டியில் முன்னரே ஏறி அமர்ந்தோர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நடைமேடையில் நிற்போரிடம் "இடமில்லை" என்று உரைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆயுதக் குறைப்புக்காக நன்னம்பிக்கையுடன் பேச்சு நடத்துவதாக அதன் ஆறாம் விதியில் அவர்களும் வாக்களித்தனர். ஆயினும் அமெரிக்காவும் ருஷ்யாவும் இன்றளவும் ஆயிரக்கணக்கில் குண்டுகளை வைத்துள்ளன. பாரதம் இவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தது.

1974 மே 18-ஆம் நாள் பொக்ரானில் பாரதம் ஒரே ஒரு சோதனை நிகழ்த்தியது. உடனே மருமகளின் பொன்குடம் உடைந்துவிட்டது! அணுப்பொருள் வழங்கும் நாடுகள் தனிக்குழு அமைத்தன. தாராப்பூர் மின் நிலையத்துக்கு முப்பது ஆண்டுகள் எரிபொருள் தருவதாக 1963-இல் உடன்பட்டிருந்த அமெரிக்கா, 1978-இல் தானியற்றிய புதுச்சட்டத்தைக் காட்டிக் கைவிரிக்க முற்பட்டது. 1982-இல் பிரான்ஸ் அப்பொறுப்பை ஏற்றது.

விந்தை யாதெனில், 1998-இல் பாரதம் மேலும் ஐந்து வெடிப்புகள் நிகழ்த்திய பின்னர், 2008 செப்டம்பரில் அதே குழு நமக்கு மட்டும் விலக்களித்தது. ஒப்பந்தம் மாறவில்லை; நாமும் அதில் கையொப்பமிடவில்லை. மாறியவை வாணிகமும் நட்புமே. விதிக்கு அஞ்சியவரும் இல்லை, அறத்துக்கு இரங்கியவரும் இல்லை.

அன்பர்களே, இவ்விலக்கு நமக்கு நன்மையே. ஆயினும் உள்ளே இடம் கிடைத்தபின் நாமும் கதவைத் தாழிடும் கூட்டத்தில் சேர்ந்துவிடின், நேருவும் ராஜாஜியும் உரைத்தவை வீண்சொற்களாகிவிடும். நம் குண்டாயினும் பிறர் குண்டாயினும், அதனடியில் மடிவோர் குழந்தைகளே. குடம் யாருடையதாயினும் ஒரே அளவுகோலால் அளப்பதே நீதி.