எழுதப்படாத விதியும் ஒரு வெள்ளிப் பதக்கமும்



பெண் பிள்ளைகளும் விளையாட்டும் என்ற தலைப்பில் நாங்கள் நடத்திய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார். "என் மகள் பேரங்காடியில் உள்ள பனித்தளத்தில் ஸ்கேட்டிங் பழகுகிறாள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?" என்றார். நேரமின்மையால் அன்று சுருக்கமாகத்தான் பேச முடிந்தது. சொல்ல நினைத்த வரலாற்றை இன்று முழுமையாகச் சொல்கிறேன்.

ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனிச்சறுக்கு நடனத்தின் முதல் உலகப் போட்டி 1896ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நான்கே பேர். நால்வரும் ஆண்கள். ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ் வெற்றி பெற்றார். 1892இல் தொடங்கப்பட்ட அனைத்துலக ஸ்கேட்டிங் சங்கம் இந்தப் போட்டியை நடத்தியது.

ஆண்கள் மட்டும்தான் பங்கேற்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. பெண்கள் வரமாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1902ஆம் ஆண்டு போட்டி லண்டனில் நடந்தபோது மேட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் பெயரைப் பதிவு செய்தார். அதிகாரிகள் திகைத்தார்கள். தடுக்க விதி இல்லாததால் அனுமதித்தார்கள். மூன்று ஆண்களோடு போட்டியிட்ட அவர், இருவரைப் பின்தள்ளி வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்றவர் சுவீடனின் உல்ரிக் சால்கோ. மொத்தம் பத்து முறை உலக வெற்றியாளரான மாவீரர் அவர். அவருக்கு அடுத்த இடத்தில் ஒரு பெண்!

பாராட்டு கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிடைத்தது தடை. 1903இல் கூடிய சங்கம், இனிப் பெண்கள் இப்போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது. நீளப் பாவாடை கால்களை மறைப்பதால் நீதிபதிகளால் சரியாகப் பார்க்க முடியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சையர்ஸோ கணுக்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை அணிந்து ஆடியவர்!

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே 1903இல் பிரிட்டனின் தேசியப் போட்டியில் ஆண்களோடு மோதி வென்றார். மறு ஆண்டும் வென்றார். அந்த முறை இரண்டாம் இடத்தில் நின்றவர் அவருடைய சொந்தக் கணவர் எட்கர்.

இதற்குமேல் கதவைச் சாத்தி வைக்க முடியவில்லை. 1906இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பெண்களுக்கெனத் தனிப் போட்டி பிறந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் முதலிடம் சையர்ஸுக்கே. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 1917இல் தமது 35ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் திறந்த வழியில் எத்தனையோ பேர் வந்தார்கள். நார்வேயின் சோன்யா ஹெனி 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து முறை பட்டம் வென்றார். 1989இல் ஜப்பானின் மிடோரி இத்தோ, உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் ஆனார். 2009இல் தென்கொரியாவின் கிம் யூனா வென்றார்.

இந்தப் போட்டி துயரங்களையும் கண்டிருக்கிறது. இரண்டு உலகப் போர்களின்போதும் நின்றுபோனது. 1961இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகருக்குப் புறப்பட்ட அமெரிக்கக் குழு, பிரசெல்ஸ் அருகே நேர்ந்த விமான விபத்தில் முழுமையாக மாண்டது. அவ்வாண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 2020இல் கோவிட் தொற்றும் போட்டியை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் அது மீண்டும் எழுந்தது.

வெயில் நாட்டவருக்கு இது எதற்கு என்பாரும் உண்டு. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற நமது ஜூலியன் யீ, மறு ஆண்டு தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார்.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். அம்மா, "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்பவர்களிடம், "கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். மேட்ஜ் சையர்ஸும் அப்படித்தான் தொடங்கினார்.