திருச்சியில் மராமத்தும் ரயிலும்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரின் பெரும்பங்கு அதன் வழியே கடலுக்குப் போனது. காவிரியின் தலைப்பு மணல்மேடிட்டு, தஞ்சை வயல்களுக்குப் பாசனம் குறைந்துகொண்டே வந்தது. சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறை உருவாகும் முன்பே அதன் முதன்மையான வேலை இங்கே தொடங்கிவிட்டது.

ஏரி, ஆறு, கால்வாய்ப் பணிகளை அந்நாளில் வருவாய் வாரியத்தின் கீழிருந்த மராமத்து இலாகா கவனித்தது. அதன் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். ஆழம் காணமுடியாத மணலில் அஸ்திவாரம் போடும் முறையைக் கல்லணை போன்ற பழைய கட்டுமானங்களிலிருந்தே கற்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். துறையின் வரலாற்றை எழுதுவோர் விடக்கூடாத செய்தி இது. மேலணை வந்தபின் சிக்கல் தலைகீழானது. காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாயவே, 1840களில் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பிலும் தடுப்புச் சுவர் எழுப்ப நேர்ந்தது. தீவையும் திருச்சியையும் இணைத்த பழைய காவிரிப் பாலம் 1849இல் முடிந்தது.

மாகாணப் பொதுப்பணித் துறை 1858இல் அமைந்தது. இந்திய அரசின் பொதுப்பணித் துறையே ரயில்வேயையும் மேற்பார்வையிட்டது. ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு அரசு 5 சதவீத வட்டி உத்தரவாதம் அளித்தது. வருமானம் குறைந்தால் கஜானாதான் ஈடுகட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டில் வந்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே, நாகப்பட்டினத்திலிருந்து 1861இல் தஞ்சாவூருக்கும் 1862இல் திருச்சிக்கும் பாதை போட்டது. ஈரோடு வரையிலான பாதை 1868இல் முடிந்தது. 1874இல் அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அகலப்பாதை மீட்டர் கேஜாக மாறியது.

ரயிலுக்கான இந்தச் செலவைக் காட்டன் கடுமையாக எதிர்த்தார். அதே பணத்தில் கால்வாய் வெட்டினால் பாசனமும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்து கிடைக்கும் என்று 1878இல் லண்டன் நாடாளுமன்றக் குழுவின் முன்பும் வாதிட்டார். படகுப் போக்குவரத்தைப் பற்றிய அவரது கணக்கு மிகையாக இருக்கலாம். பாசனத்தைவிட ரயிலுக்கே பெரும்பணம் போகிறது என்ற குறை நியாயமானது. பஞ்சம் அடிக்கடி வந்த காலம் அது.

1905இல் ரயில்வே வாரியம் அமைந்ததும் பொதுப்பணித் துறையின் ரயில்வே கிளை முடிவுக்கு வந்தது. நீரும் சாலையும் கட்டடமும் பழைய துறையிடம் நின்றன. ஸ்ரீரங்கத்துக்கு ரயில் வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920களின் இறுதியில் போடப்பட்ட விழுப்புரம்–திருச்சி கார்டு லைன், இரண்டு ஆறுகளையும் கடந்து தீவின் வழியே வந்தது. அதுவரை யாத்திரிகர்கள் திருச்சியில் இறங்கிப் பாலத்தைக் கடந்து போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்த பணிமனை 1928இல் திருச்சியின் பொன்மலைக்கு மாறியது. அவ்வாண்டே தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது; சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றனர். கம்பெனி நிர்வாகம் 1944 ஏப்ரல் 1இல் அரசுக்கு மாறியது. 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வே பிறந்தது.

2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக அருகிலேயே புதிய கதவணை எழும்பியது. 2021இல் தமிழக அரசு நீர்வளத்தைத் தனித் துறையாக்கியபோது, மராமத்து இலாகாவின் மூத்த பணியான ஆறும் அணையும் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தன.