சிறைக்கதவும் நீதிமன்றக் கதவும்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் 21-ஆம் பிரிவின் காவலில் ஒப்படைத்தது. அடிப்படை உரிமை மறுக்கப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுக 32-ஆம் பிரிவு வழிவகுத்தது. இவ்வழியையே அண்ணல் அம்பேத்கர் 1948 டிசம்பரில் அரசியலமைப்பின் ஆன்மா என்றும் இதயம் என்றும் குறிப்பிட்டார். கேட்டுப் பெற வழியில்லாத உரிமை வெறும் எழுத்தே என்பதை அவர் அறிந்திருந்தார்.

தொடக்கத்தில் அவ்வழி குறுகலாகவே இருந்தது. சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கில், முறையாக இயற்றப்பட்ட சட்டத்தின்படி காவல் அமைந்தால் போதும், அச்சட்டம் நியாயமானதா என ஆராய வேண்டியதில்லை என்று 1950-இல் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

இக்கருத்தின் ஆபத்து கால் நூற்றாண்டுக்குப் பின் வெளிப்பட்டது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 'மிசா' சட்டத்தின்கீழ் பல்லாயிரவர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். 21-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை நாடும் உரிமையும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்றன. அரசு மேல்முறையீடு செய்தது. சட்டத்திற்குப் புறம்பாக ஒருவரின் உயிரே பறிக்கப்பட்டாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அரசுத் தரப்பின் விடையாயிற்று.

1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977-இல் அவரைத் தாண்டி இளையவரான எம். எச். பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

எனினும் காலம் அவர் பக்கமே நின்றது. மேனகா காந்தி வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நேர்மையாக இருத்தல் வேண்டும் என்று 1978-இல் தீர்ப்பாயிற்று. நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆம் பிரிவுகளின் பாதுகாப்பை நிறுத்த இயலாதவாறு 44-ஆம் திருத்தம் தடுத்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளியது. பழைய தீர்ப்பில் கையொப்பமிட்ட நால்வருள் ஒருவரின் மகனும் அவ்வமர்வில் இருந்தார்.

தடுப்புக் காவல் இன்றும் நம் சட்டத்தில் உண்டு. ஆகவே நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சிறைப்பட்டவருக்காக உறவினரோ நண்பரோ ஆட்கொணர்வு மனு அளிக்கலாம். காவலில் இருப்பவர் எவராயினும் அவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது. அதைத் தட்ட இயலாதவருக்காகச் சென்று தட்டுவது நமது கடமையன்றோ?