பலேர்மோவின் பட்டும் காட்டுப் பட்டுக்கூடும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோ, ஐரோப்பியப் பட்டு நெசவின் முற்காலக் களங்களுள் ஒன்றாகும். இரண்டாம் ரோஜர் மன்னருக்காக 1133-34ஆம் ஆண்டில் இந்நகர அரண்மனைப் பட்டறையில் உருவான செந்நிறப் பட்டு மேலங்கி, வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1147இல் அவரது படையினர் கிரேக்க நகரான தீப்ஸிலிருந்து நெசவாளர்களைச் சிறைபிடித்து இங்கு கொண்டுவந்தனர்.

பலேர்மோவில் இன்று வாழும் இலங்கைத் தமிழர்கள் திருமணத்திற்கு உடுத்தும் காஞ்சிபுரம் பட்டு, மல்பெரி இலையுண்ணும் வளர்ப்புப் புழுவின் கூட்டிலிருந்து கிடைக்கிறது. ஐரோப்பாவின் பட்டுத் தொழிலும் அப்புழுவையே நம்பியிருந்தது. 1850களில் பெப்ரைன் எனும் நோய் பிரான்சிலும் இத்தாலியிலும் அப்புழுக்களை அழித்தபோது, பட்டு வளர்ப்பை நம்பிய விவசாயக் குடும்பங்கள் வருவாய் இழந்தன. மாற்றுவழியாக, ஐலாந்தஸ் மர இலையை உண்ணும் சீனக் காட்டுப் பட்டுப்பூச்சி 1856இல் வட இத்தாலியின் டூரின் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழகத்தில் தீக்குச்சி செய்ய உதவும் பெருமரத்தின் உறவினமே ஐலாந்தஸ்.

ஆனால் அம்முயற்சி நிலைக்கவில்லை. அதற்கு முக்கியக் காரணம் கூட்டின் அமைப்பே.

மல்பெரிக் கூடு முற்றிலும் மூடியது. சுமார் 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் ஆனது. அதன் எடையில் ஏறக்குறைய காற்பங்கு செரிசின் எனும் பசைப்புரதம். வெந்நீரில் அது இளகுவதால் இழையை அறாமல் இழுத்தெடுக்கலாம். ஐலாந்தஸ் பூச்சியின் கூட்டிலோ, பூச்சி வெளியேற ஒருமுனையில் வாயில் உண்டு. எனவே பருத்தியைப் போல் சிக்கெடுத்து நூற்றால்தான் நூலாகும்.

டசார் எனும் இந்தியக் காட்டுப் பட்டின் கூடு மூடியதாயினும் கடினமானது. அதில் டானின்களும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் கலந்துள்ளன. வெந்நீர் மட்டும் போதாது, காரம் சேர்த்து வேகவைத்தாக வேண்டும். இழைப்புரதத்திலும் வேறுபாடு உண்டு. மல்பெரிப் பட்டில் கிளைசின் எனும் அமினோ அமிலம் மிகுதி, டசாரில் அலனைன் மிகுதி. டசார் இழை தடித்தது, தட்டையானது, அறுபடுமுன் கூடுதலாக நீளக்கூடியது.

ஐரோப்பா கைவிட்ட இக்குறையே அஸ்ஸாமில் வாழ்வாதாரமாக உள்ளது. ஐலாந்தஸ் பூச்சியின் நெருங்கிய உறவினமான எரி புழுவை அங்குள்ள மக்கள் வீடுகளில் ஆமணக்கு இலையிட்டு வளர்க்கின்றனர். அதன் கூடும் திறந்ததே. பூச்சி வெளியேறிய பின்னரும் அதை நூற்கலாம் என்பதால், உயிரைக் கொல்லாத பட்டு என அது விற்கப்படுகிறது.

நோயற்ற முட்டைகளை நுண்ணோக்கியால் தெரிவு செய்யும் முறையை லூயி பாஸ்டர் 1860களில் வகுத்ததும் ஐரோப்பா மல்பெரிக்கே திரும்பியது. ஐலாந்தஸ் மரம் மட்டும் போகவில்லை. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிட்டது. அதைக் கட்டுப்படுத்தும் வழிகளைப் பலேர்மோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆராய்ந்துள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது.