நோய்முதல் தேடிய மாணாக்கர்

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பேராசிரியர்களின் பெயர்களையும் பரிசு பெற்றோரின் பெயர்களையுமே நிரல்படுத்துவர். ஆயின் அவ்வரலாற்றின் திருப்பங்கள் சிலவற்றை உற்று நோக்குமிடத்து, பட்டத்துக்கென ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவரின் கைவண்ணம் அங்கே புலப்படும். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே, நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் நாடுதலை மருத்துவனின் கடமையாக வைத்தார். குருதியொழுக்கு நோய்களிலும் புற்றுநோயிலும் அம்மூலம் மூலக்கூறுகளிடத்தே உள்ளதென உலகம் அறிந்துகொண்டமைக்கு மாணாக்கர் மூவரின் உழைப்பும் துணைநின்றது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு காயத்தினின்றும் குருதி நில்லாது ஒழுகும் நோயைப் பண்டை மக்களும் அறிந்திருந்தனர். முன்பிறந்த ஆண்மக்கள் இருவர் விருத்தசேதனத்தால் இறந்துபடின், மூன்றாம் மகனுக்கு அச்சடங்கைச் செய்யலாகாது என்னும் விதி யூதரின் தல்மூத் நூலிலே காணப்படுகின்றது. 1803 ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகர மருத்துவர் ஜோன் கொன்றாட் ஒற்றோ, சில குடும்பங்களில் ஆண்கள் மட்டுமே இந்நோயால் வருந்துவதையும், நோயற்ற பெண்கள் அதனைத் தம் புதல்வருக்குக் கடத்துவதையும் எடுத்துரைத்தார். ஆயினும் நோய்க்கு நிலையான பெயர் இருந்ததில்லை. 1828 இல் ஜேர்மனியிலே, சேன்லைன் என்னும் பேராசிரியரின் மாணாக்கரான பிரீட்றிக் ஹொப், தமது பட்ட ஆய்வேட்டில் அதனை ‘ஈமோபிலியா’ எனக் குறித்தார். ‘குருதிமேற் காதல்’ என்பதே அக்கிரேக்கச் சொற்றொடரின் பொருள். நோயின் காரணத்தைப் பற்றி அப்பெயர் யாதும் கூறாது. எனினும் பெயரில்லாத ஒன்றைப் பலர் கூடி ஆராய்தல் அரிது. ஒரு மாணாக்கர் இட்ட பெயரின் கீழ் ஐரோப்பாவின் அறிஞர் தம் குறிப்புக்களைத் தொகுக்கலாயினர்.

குருதி உறைதல் ஒரே செயலன்று. புரதம் பல, ஒன்றை மற்றொன்று தூண்ட, தொடராக நிகழ்வதாகும். அத்தொடரில் ஒரு கண்ணி அறினும் உறைதல் தடைப்படும். 1947 இல் புவனஸ் அயர்ஸ் நகரத்து பவ்லொவ்ஸ்கி, நோயாளர் ஒருவரின் குருதியை இன்னொரு நோயாளரின் குருதியோடு கலந்தபோது, சில வேளைகளில் ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதைக் கண்டார். ஒரே நோயெனக் கருதப்பட்டது இரு நோயாகலாம் என்பதற்கு அது முதற் குறிப்பு. 1952 இல் ஒக்ஸ்போர்டிலே ரோஸ்மேரி பிக்ஸ், மக்பார்லேன் முதலியோர் அதனை நிலைநாட்டினர். ஒரு வகையினருக்கு எட்டாங் காரணியும், மற்ற வகையினருக்கு ஒன்பதாங் காரணியும் குறைவாயுள்ளமை பின்னர்த் தெளிவாயிற்று. விக்டோரியா மகாராணியாரின் வழியில் வந்து, உருசிய அரச குமாரன் அலெக்சியை வாட்டிய நோய் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது, 2009 இல் அவனது எலும்புகளின் பரம்பரைப் பொருளை ஆராய்ந்தபோதே அறியப்பட்டது.

ஒன்பதாங் காரணியின் பரம்பரையலகு 1982 இலும், எட்டாங் காரணியினது 1984 இலும் பிரித்தெடுக்கப்பட்டன. இதன் பயன் ஏட்டளவில் நின்றதன்று. அதுகாறும் பல்லாயிரவர் ஈந்த குருதியைக் கலந்தே மருந்து ஆக்கப்பட்டது. அம்மருந்தின் வழியாக எயிட்ஸ் நோயின் நச்சுயிர் புகுந்து நோயாளர் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. மனிதக் குருதியை நாடாது, பரம்பரையலகைக் கொண்டு ஆய்கூடத்தில் வளர்த்த கலங்களிலே ஆக்கிய எட்டாங் காரணி 1992 இல் வழக்குக்கு வந்தபின் அவ்வச்சம் நீங்கிற்று.

இரண்டாவது வரலாறு ஒரு மாட்டுத் தொழுவத்திலே தொடங்குகின்றது. 1920 ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கச் சமவெளிகளில், இனிப்புக் குளோவர் என்னும் தீவனப் புல்லை உண்ட கால்நடைகள் குருதி ஒழுகி இறந்தன. கனடாவின் விலங்கு மருத்துவர் ஸ்கோபீல்ட், ஒரே வைக்கோற் போரிலிருந்து நல்ல தண்டுகளையும் பூஞ்சணம் பிடித்த தண்டுகளையும் வேறுபிரித்து முயல்களுக்கு ஊட்டி, கேடு பூஞ்சணம் பிடித்ததிலேயே உள்ளதென மெய்ப்பித்தார். ஆயின் கேடு விளைத்த பொருள் எதுவென எவரும் அறியார். 1933 ஆம் ஆண்டு பெப்ருவரியில், கடும் பனிப்புயலினூடே ஏறத்தாழ 190 மைல் தூரம் வந்த கமக்காரர் ஒருவர், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரின் ஆய்கூடத்திலே புகுந்தார். இறந்த கன்று ஒன்றையும், பழுதுற்ற வைக்கோலையும், உறையாத குருதி நிறைந்த பாற்பாத்திரத்தையும் அவர் கொண்டுவந்திருந்தார். அத்தீவனத்தை நிறுத்துக என்பதற்கு மேல் அன்று அவருக்குச் சொல்ல லிங்கிடம் மருந்தில்லை.

அவ்வினாவுக்கு விடைகாண ஆறாண்டுகள் சென்றன. லிங்கின் மாணாக்கர் ஒருவர்பின் ஒருவராக வைக்கோலைப் பிழிந்தும் வடித்தும், முயலின் குருதியைக் கொண்டு சோதித்தும் வந்தனர். 1939 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஹரல்ட் கம்பெல் என்னும் மாணாக்கர் அந்நச்சுப் பொருளின் தூய பளிங்குகளைக் கண்டார். அவற்றின் நிறை 6 மில்லிகிராம் மாத்திரமே. உடன்பயின்ற ஸ்டாமன், ஹியூப்னர் முதலியோர் அதன் அமைப்பைத் துணிந்து, 1940 இல் அதனைச் செயற்கையாகவும் ஆக்கினர். ‘டைகூமரோல்’ என்பது அதன் பெயர். உறைதற் புரதங்கள் சிலவற்றை ஈரல் முழுமையுற ஆக்குதற்கு உயிர்ச்சத்து கே இன்றியமையாதது. டைகூமரோல் அவ்வுயிர்ச்சத்தின் தொழிலைத் தடுக்கின்றது. அதனைப் பின்பற்றி ஆக்கப்பட்ட வார்பரின் 1948 இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954 இல் மனிதருக்குரிய மருந்தாயிற்று. கன்றைக் கொன்ற நஞ்சின் வழிவந்த பொருள், தேவையற்ற இடத்திற் குருதி உறைந்து உயிர்போக்குவதைத் தடுக்கும் மருந்தாய் நின்றது. நஞ்சும் மருந்தும் அளவினாலேயே வேறுபடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது வரலாறு புற்றுநோயைப் பற்றியது. கலத்தின் நிறமூர்த்தங்கள் பிறழ்தலே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று ஜேர்மனிய அறிஞர் தியோடர் பொவேரி 1914 இலேயே கருதினார். ஆயின் மனிதக் கலத்தின் நிறமூர்த்தங்கள் 46 என்பதே 1956 இல்தான் உறுதிப்பட்டது. அக்காலத்திலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பீற்றர் நவல், வெண்குருதிப் புற்றுநோயாளரின் கலங்களைக் குழாய்நீரிற் கழுவியபோது, அவை வீங்கி நிறமூர்த்தங்கள் தெளிவுறத் தோன்றின. அவற்றை இனங்காண அவர் நாடியது, அந்நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமொன்றில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த டேவிட் ஹங்கர்போர்ட் என்னும் மாணாக்கரை. நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயாளரின் கலங்களிலே நிறமூர்த்தம் ஒன்று வழக்கத்தினும் குறுகியிருப்பதை அவர் கண்டார். 1960 இல் நோயாளர் எழுவரைப் பற்றி இருவரும் வெளியிட்ட சிறு குறிப்பு, பொவேரியின் கருத்துக்கு மனிதரிடத்தே கிடைத்த முதல் உறுதியான சான்றாகும். அந்நிறமூர்த்தம் ‘பிலடெல்பியா நிறமூர்த்தம்’ என வழங்கலாயிற்று.

1973 இல் சிக்காகோவின் ஜனற் றௌலி, 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளைத் தம்முள் மாற்றிக்கொள்வதே அக்குறுக்கத்துக்குக் காரணமென விளக்கினார். அம்மாற்றத்தால் இரு பரம்பரையலகுகள் இணைந்து, கலங்களை ஓயாது பெருகத் தூண்டும் நொதியம் ஒன்று பிறக்கின்றமை 1980 ஆம் ஆண்டுகளிற் புலனாயிற்று. அந்நொதியத்தைத் தடுக்கும் இமற்றினிப் என்னும் மருந்து 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில ஆண்டுகளிலே உயிரைக் கொண்டுபோன நோய், நாடோறும் மாத்திரை உண்டு நெடிது வாழத்தக்க நோயாய் மாறிற்று.

இம்மூவருள் எவரும் நோயைத் தீர்த்துவிடுவோம் எனப் புறப்பட்டவரல்லர். ஒருவர் சிதறிய குறிப்புக்களைத் திரட்டிப் பெயரிட்டார். ஒருவர் வைக்கோலினின்றும் சில பளிங்குகளைப் பிரித்தார். ஒருவர் குறுகிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டும் காணாதது போலக் கடந்து செல்ல மறுத்தார். தம்முன் வைக்கப்பட்ட சிறு பணியைப் பிழையறச் செய்தமையே அவர்தம் பெருமை. அப்பணியை அவர்கையில் நம்பி ஒப்படைத்த ஆசிரியரின் பெருமையும் அதனிற் குறைந்ததன்று.

ஆயினும் புகழ் எப்போதும் உழைப்பின் பின்னே செல்வதில்லை. பிலடெல்பியா நிறமூர்த்தம் முதலிய ஆராய்ச்சிகளுக்காக 1998 இல் நவலும் றௌலியும் லாஸ்கர் பரிசு பெற்றபோது, ஹங்கர்போர்ட் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்நோயுற்றோரின் குருதியை ஆராயும் மருத்துவர், அவர் முதலிற் கண்ட அதே அடையாளத்தையே இன்றும் தேடுகின்றனர். கல்விக்கு அதனினும் நிலைத்த பரிசு வேறில்லை.