யாரை வைத்து அளந்தார்கள்?

நோர்பரியில் நல்ல மழை. கீழே லண்டன் ரோட்டில் பஸ் போகும் சத்தம் உங்களுக்கும் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இலக்கிய அரங்கில் இவன் ஏன் உடம்பைப் பற்றிப் பேசுகிறான் என்று சிலர் நினைக்கலாம். காரணம் என் அக்கா.

போன வருடம் அக்கா ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றார். அது ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளியது. அடிப்படை அனுசேபம் 1,190 கலோரி என்று அதில் இருந்தது. "உங்கள் உடம்பு மெதுவாகத்தான் எரிக்கிறது" என்றாராம் அங்கிருந்த இளைஞர். அன்றிலிருந்து அக்கா இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். "தம்பி, நான் என்ன பிழை விட்டனான்? ஒரு பிடி சோறுதானே சாப்பிடுறன்" என்று என்னிடம் கேட்டார். பதில் தெரியவில்லை. அந்தச் சீட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

ஒரு சொல் விளக்கம். இலங்கையில் படித்தவர்களுக்கு அனுசேபம். தமிழ்நாட்டில் வளர்சிதை மாற்றம். ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கும்போதும் இதயம், மூளை, ஈரல் இயங்க உடம்பு செலவழிக்கும் சக்தியே அடிப்படை அனுசேபம். இரவு முழுக்கச் சாப்பிடாமல், காலையில் விழித்தபடி அசையாமல் படுத்திருப்பவர் எவ்வளவு ஒட்சிசன் எடுக்கிறார் என்று பார்த்துத்தான் அதை முறையாக அளக்க வேண்டும். எடை இயந்திரம் மூச்சை அளப்பதில்லை. எடை, உயரம், வயது போன்றவற்றை ஒரு சமன்பாட்டில் போட்டுக் கணக்குப் பார்க்கிறது. அத்தகைய சமன்பாடுகளில் புகழ்பெற்ற மூத்தது 1919இல் வந்தது. பாஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திய பிரான்சிஸ் பெனடிக்டும் ஆர்தர் ஹாரிஸும் 136 ஆண்கள், 103 பெண்களின் அளவுகளை வைத்து அதை உருவாக்கினார்கள். ஏறத்தாழ எல்லோரும் அமெரிக்கர்கள்.

அந்த அளவுகோல் சென்னைக்கும் போனது. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்த எலினர் மேசன், பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் அனுசேபத்தை அளந்து 1931இல் வெளியிட்டார். அமெரிக்க அளவைவிடச் சுமார் 17 சதவீதம் குறைவு. ஏன்? வெயிலா, சைவச் சாப்பாடா, இனமா? அந்தக் காலத்தில் இனம் என்ற விடை நாக்கு நுனியிலேயே இருந்தது. வெயில் என்று சொல்லவும் வழியில்லை. வெப்பமான யுகாட்டானில் வாழும் மாயா மக்களின் அனுசேபம் அமெரிக்கர்களைவிடக் கூடுதல் என்று 1928இலேயே பெனடிக்டின் குழு கண்டிருந்தது.

உலக அமைப்புகள் 1985இல் ஏற்றுக்கொண்ட புதிய சமன்பாடுகளும் நமக்குப் பொருந்தவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகள். அவற்றில் 47 சதவீதம் இத்தாலியர்களுடையவை என்றும், அவர்களுடைய அனுசேபம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்றும் ஜெயா ஹென்றி 2005இல் எடுத்துக்காட்டினார். அவர் அப்போது ஒக்ஸ்போர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார். உலகத்துக்கான அளவுகோலில் பாதி இத்தாலி! இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

முடிச்சு அவிழ்ந்தது பெங்களூரில் என்பேன். மரியோ சோரஸ், பிரகாஷ் ஷெட்டி ஆகியோரின் குழு இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்டு 1998இல் எழுதியது: கொழுப்பை நீக்கி மீதி உடம்பை மட்டும் கணக்கில் எடுத்தால் இன வேறுபாட்டுக்குச் சான்றில்லை. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்குச் சுமார் 13 கலோரி செலவழிக்கும், கொழுப்பு நாலரை, ஈரல் 200, இதயமும் சிறுநீரகமும் 440. அதே எடையில் தசை குறைந்து கொழுப்பு கூடியிருந்தால் செலவு குறையும். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் தங்கள் படத்தையே 'லான்செட்' இதழில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3. உடம்பில் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்குச் சிறுத்த உடம்பிலும் நீரிழிவு வருவதன் கதை இங்கே தொடங்குகிறது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

வயதைப் பற்றி அக்கா கேட்டார். 2021இல் 6,400க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஹெர்மன் பான்ட்சர் குழு செய்த ஆய்வின்படி, உடம்பின் அளவையும் அமைப்பையும் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை அனுசேபம் பெரிதாக மாறுவதில்லை. அதன் பின் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போலக் குறைகிறது. அக்காவுக்கு 58. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் குறையும். அவருடைய தைரொயிட் சோதனையில் கோளாறு இல்லை.

நான் பயந்தது இரவுப் பட்டினிக்கு. 1945இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்றுக்குச் சாப்பாடு போட்டார். அவர்களுடைய அடிப்படை அனுசேபம் ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. தசை கரைந்தது ஒரு காரணம். இருக்கும் தசையும் சிக்கனமானது இன்னொன்று. அக்காவின் பட்டினி அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் மெதுவான உடம்பு என்று பயந்து அவர் தேர்ந்தெடுத்த மருந்து, உடம்பை இன்னும் மெதுவாக்கும் பக்கத்தில்தான் இருந்தது.

இதையெல்லாம் அவருடைய சமையலறை மேசையில் இருந்து சொன்னேன். "அப்ப அந்தப் பெடியன் என்னை ஆரோட ஒப்பிட்டுச் சொன்னவன்?" என்று கேட்டார். பொஸ்டன்காரரோடும் இத்தாலிக்காரரோடும் என்றேன். இப்போது வாரம் இரண்டு நாள் பாரம் தூக்கும் வகுப்புக்குப் போகிறார். சீட்டு இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நேற்றிரவு என்ன சாப்பாடு என்று கேட்டேன். மூன்று இடியப்பமும் மீன் குழம்புமாம்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.