தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2014

தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2014 என்பது பெண்களும் 18 வயது நிரம்பாதோரும் கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ சேர்ந்து தங்கும் விடுதிகளுக்கு அரசு உரிமத்தைக் கட்டாயமாக்கிய மாநிலச் சட்டம் ஆகும். இதற்கான விதிகள் 2015இல் வெளியாயின.

பின்னணி

2014 சூன் மாதம் பொள்ளாச்சியில் தனியார் விடுதி ஒன்றில் தங்கிப் படித்த சிறுமியர் இருவர் இரவில் கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். வீட்டை விடுதியாக மாற்றி நடத்துவோர் பற்றிய பதிவேடுகூட அரசிடம் முறையாக இல்லை என்பதை அந்நிகழ்வு வெளிக்காட்டியது. அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

உரிமம்

உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர் ஆவார். விண்ணப்பங்கள் மாவட்ட சமூகநல அலுவலர் வழியாகப் பரிசீலிக்கப்படுகின்றன. கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, உணவு சமைக்கப்படுமாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றை இணைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு துறையினால் தரப்படுவன. சிறிய விடுதி நடத்துவோர் உரிமம் பெறாமல் காலம் கடத்துவதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம். காப்பாளர், காவலர், கண்காணிப்புக் கேமரா, வருகைப் பதிவேடு ஆகியவற்றை விதிகள் வலியுறுத்துகின்றன.

தனிநபர், அறக்கட்டளை, கல்வி நிறுவனம், தொழிற்சாலை என யார் நடத்தினாலும் சட்டம் பொருந்தும். நாமக்கல் மாவட்டத்தில் இது முக்கியமானது. மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பகுதிகளில் பொறியியல் கல்லூரி மாணவியர் விடுதிகள் உள்ளன. மாவட்டத்தின் நூற்பாலைகளில் வெளியூர்ப் பெண்கள் ஆலை வளாகத்திலேயே தங்கி வேலை செய்வது வழக்கம். மல்லசமுத்திரத்தில் ஒருவர் தம் வீட்டு மாடியை மாணவியர் விடுதியாக நடத்த விரும்பினாலும் நாமக்கல் ஆட்சியரின் உரிமத்தைப் பெற்றாக வேண்டும். ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்கள் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் கீழ்த் தனியே பதிவு செய்யப்படுகின்றன.

தண்டனை

உரிமமின்றி விடுதி நடத்துவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். நிபந்தனைகளை மீறினால் ஆட்சியர் உரிமத்தை இரத்து செய்யலாம்.

நடைமுறை

சட்டம் வந்து நான்கு ஆண்டுகள் வரை பல விடுதிகள் உரிமம் கோரவே இல்லை. 2018 திசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில், வாடகைக்கு எடுத்த வீட்டில் மகளிர் விடுதி நடத்தியவர் மறைகேமராக்களைப் பொருத்தியிருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகள் அல்லர்; கைப்பேசிச் செயலியின் துணையோடு அங்கே தங்கியிருந்த பெண்களே. அதன் பின்னரே சென்னையில் விடுதிகள் பதிவு செய்யக் கெடு விதிக்கப்பட்டது.

2024 செப்டம்பர் 12 அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் மகளிர் விடுதி ஒன்றில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியதில் இருவர் அன்றே உயிரிழந்தனர். அப்பழைய கட்டடத்தை இடிக்குமாறு மாநகராட்சி முன்னரே அறிவிக்கை அனுப்பியிருந்தது.

வரம்புகள்

வயதுவந்த ஆண்கள் தங்கும் விடுதிகளும், சென்னை திருவல்லிக்கேணி மேன்சன்களும் இச்சட்டத்தின் கீழ் வாரா. இங்கிலாந்தில் அளவுகோல் வேறு: வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சமையலறை, கழிவறை போன்றவற்றைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு, 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். வீடு மூன்று தளங்களேனும் கொண்டிருக்க வேண்டும் என்ற வரையறை 2018 அக்டோபரில் நீக்கப்பட்டது. தீ ஆண், பெண் பார்த்துப் பரவுவதில்லை என்பதால் ஆட்களை எண்ணும் முறையே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. மேலும், உரிமமின்றி வாடகை வாங்கியவர் அத்தொகையைக் குடியிருந்தோருக்குத் திருப்பித் தருமாறு அங்கே தீர்ப்பாயம் ஆணையிடலாம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. விடுதி மூடப்பட்டால் தங்கியிருந்தவர் வேறிடம் தேட வேண்டியதுதான்.